நம்பாத எர்மாவின் நூற்றுப் பதினைந்து மாடுகள்

எர்மா வாவ்ரா தன் மாடுகளைத் தினமும் இரண்டு தடவை எண்ணுவாள். காலையில் ஒரு தடவை, எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்க. சாயங்காலம் ஒரு தடவை, காலையில் தான் ஒழுங்காக எண்ணினோமா என்று பார்க்க. தன்னையே நம்பாதவள் ஊரை எங்கே நம்புவது?

நெப்ராஸ்காவில் லூப் ஆற்றுக்குக் கிழக்கே அவளுடைய பட்டி. வசந்தத்தில் இளங்காளைகளை வாங்கிவந்து, மக்காச்சோளம் போட்டுக் கொழுக்கவைத்து, இலையுதிர் காலத்தில் கறி ஆலைக்கு விற்பது தொழில். விற்கிற அன்றைக்கு எடைமேடையில் அவளோடு மல்லுக்கட்ட டிரைவர்கள் பயப்படுவார்கள். காலி லாரியை எடை போடும்போது டிரைவர் உள்ளே இருந்தால், மாடு ஏற்றி எடை போடும்போதும் அதே டிரைவர் உள்ளே இருக்க வேண்டும். நடுவில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவனைக்கூட அவள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பாள். டிவியில் வானிலை சொல்கிற பெண் சிரித்தால் மழை வராது என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுத்த பிறகு எர்மா தன் மோதிரத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள் என்று பக்கத்துப் பண்ணை லூமிர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அது பொய். அவளிடம் மோதிரமே கிடையாது. இரும்புக் கேட்டில் விரல் நசுங்கிய அன்றைக்கு நர்ஸ் அதை அறுத்துத்தான் எடுத்தாள். அறுத்த துண்டு இரண்டும் சேர்ந்து பழைய எடை வருகிறதா என்று எர்மா பார்த்தாள். அது உண்மை.

பிறக்கும்போதே இப்படி இருந்தாள் என்று சொல்ல முடியாது. இருபது வயதில் எல்டன் வாவ்ராவை ஒரே ஒரு போல்கா நடனத்தை நம்பிக் கட்டிக்கொண்டவள் அவள். கெட்டுப்போனது எல்டன் முன்பேரம் செய்த வருஷத்தில்.

டிசம்பரில் விற்கப்போகும் மாட்டை ஜூலையிலேயே சிக்காகோ சந்தையில் ஒரு விலைக்கு விற்றதாகக் காகிதத்தில் பேசி முடித்தார் எல்டன். நியாயமான வேலைதான். விலை விழுந்தால் பட்டியில் நஷ்டம், காகிதத்தில் லாபம். ஏறினால் அப்படியே தலைகீழ். எப்படிப் பார்த்தாலும் சரிக்குச் சரி. ஒரே ஒரு சிக்கல். பட்டியில் வரும் லாபம் டிசம்பரில் மாடு போன பிறகுதான் வரும். காகிதத்தில் வரும் நஷ்டத்தை அன்றன்றைக்கே கட்டச் சொல்வார்கள். அதற்கு மார்ஜின் என்று பெயர். அந்த வருஷம் விலை ஏறோ ஏறென்று ஏறியது. முப்பத்தேழு நாள் போன் அடித்தது. முப்பத்தெட்டாம் நாள் எல்டனிடம் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. காகிதத்தை உச்ச விலையில் திரும்ப வாங்கி முடித்துவிட்டார். அடுத்த வாரம் விலை விழுந்தது. மாடும் போச்சு, காகிதமும் போச்சு. மூன்று வருஷம் கழித்து அவர் மாரடைப்பில் போனார் என்று டாக்டர் எழுதினார். எர்மா அதைச் சிக்காகோவின் தலையில்தான் எழுதினாள்.

மகன் டக் ஒமாஹாவில் இருந்தான். அம்மா தனியாகப் பட்டியில் வழுக்கி விழுந்து கிடப்பதாக அவனுக்கு அடிக்கடி கனவு வரும். பன்றி வளர்க்கும் கம்பெனி ஒன்று பட்டியை வாங்கத் தயாராக இருந்தது. மார்ச்சில் பத்திரத்தோடு வந்தான்.

"இந்த ஒரு தடவை பாரு," என்றாள் எர்மா. "நூறு பவுண்டுக்கு நூத்தி நாலு டாலர் நின்னா எனக்கு அசல் தேறும். தேறுச்சுன்னா என்னை விட்டுடு. தேறலைன்னா அக்டோபர்ல கையெழுத்துப் போடறேன்."

"சத்தியமா?"

"பெத்த தாய்கிட்ட சத்தியம் கேக்கறியே, யாருடா உன்னை இப்படி வளர்த்தது?"

கைகொடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் அவள் யாருக்கும் சொல்லாமல் முப்பது மைல் தள்ளி இருக்கும் ஊருக்குப் போய், பிக்கப் வண்டியை நூலகத்தின் பின்னால் ஒளித்து நிறுத்திவிட்டு, கோல்பி நிஸ்ஸன் என்ற இளம் புரோக்கரின் ஆபீசுக்குள் நுழைந்தாள். கோல்பிக்கு இருபத்தாறு வயது. வெள்ளைச் சப்பாத்து. சுவரில் மாட்டுப் படம். நேரில் மாட்டைத் தொட்டதில்லை என்பது அந்தச் சப்பாத்திலேயே தெரிந்தது.

"இது என் வீட்டுக்காரர் பண்ணின அதே வேலைதானே?"

"இல்லைம்மா. அவர் வித்துட்டாரு. நீங்க விக்கல, விக்கிற உரிமையை மட்டும் விலைக்கு வாங்கறீங்க. அக்டோபர் விலை நூத்திப் பத்துக்குக் கீழ எவ்வளவு விழுதோ அந்த வித்தியாசம் உங்களுக்கு. ஏறிடுச்சா, இதை மறந்துட்டு மாட்டை நல்ல விலைக்கு வித்துக்கங்க. புட் ஆப்ஷன்னு பேரு. நூறு பவுண்டுக்கு நாலு டாலர்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஒரு சென்ட் கேக்க மாட்டாங்க."

"யாரு கேக்க மாட்டாங்க?"

"யாருமே."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தான். அவனுக்கு இப்படி ஒரு ஆள் இதுவரை வந்ததில்லை. "சோளத்துக்கு ஆலங்கட்டி இன்சூரன்ஸ் எடுக்கற மாதிரிதாம்மா இதுவும்," என்று ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தான்.

"அவங்களும் வந்து பாத்துட்டு, இது ஆலங்கட்டி இல்ல, மான் மேஞ்சதுன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க," என்றாள் எர்மா. ஆனால் நாலு காகிதம் வாங்கினாள். ஒரு காகிதம் நாற்பதாயிரம் பவுண்டு. நாலும் சேர்ந்தால் அவளுடைய நூற்றுப் பதினைந்து மாடுகளைக் கிட்டத்தட்ட முழுசாக மூடும்.

வாங்கியதும் புதுக் கவலை வந்தது. ஆலைக்கு மாடு பிடிக்க வரும் ராய்ஸ் கிளிங்கருக்கு இது தெரிந்தால்? 'உனக்குத்தான் சிக்காகோ குடுக்குதே' என்று விலையைக் குறைத்துவிடுவானே! ஆகவே அவள் முகத்துக்குப் பயிற்சி கொடுத்தாள். துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் சோக முகம் போட்டுப் பார்ப்பாள். ஜூலையில் விலை விழ ஆரம்பித்தது. ஆகஸ்டில் நூற்றி ஐந்து. செப்டம்பரில் நூறு. கூட்டுறவுக் கடையின் காப்பி மேசையில் ஆண்கள் எல்லாம் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருக்க, எர்மாவும் சேர்ந்து பெருமூச்சு விட்டாள். ஒரு நாள் வாயைத் திறந்தால் பாட்டு வரும்போல் இருந்தது. அதை இருமலாக மாற்றிச் சமாளித்தாள். லூமிர் எழுந்துவந்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். "கவலைப்படாதே எர்மா, எல்லாரும் ஒரே படகுலதான் இருக்கோம்." அந்த வார்த்தை அவளுக்குத் தொண்டையில் மீன்முள்போல மாட்டிக்கொண்டது. வீடு போகும்வரை போகவில்லை.

அக்டோபர் முதல் வாரம் கோல்பியிடமிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை இரண்டு தடவை. செவ்வாய் நாலு. புதன் ஏழு.

"ஆரம்பிச்சுட்டானுங்க," என்றாள் எர்மா போனைப் பார்த்து. எல்டனுக்கும் இப்படித்தான் முதலில் இரண்டு, பிறகு நாலு. எழுதிக் கொடுத்ததை எடுத்துப் படித்துப் பார்த்தாள். யாருமே கேட்க மாட்டார்கள் என்றுதான் இருந்தது. எழுதினவனே கேட்கிறான் பார்! போனைக் கோதுமை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். டப்பா அதிர்ந்தது. மேலே ஒரு துண்டைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை. பட்டியில் தீவனத் தொட்டியைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தபோது சரளைச் சாலையில் புழுதி எழும்பியது. பிக்கப் இல்லை. சின்ன வெள்ளைக் கார். காரில் வருகிறவன் இந்தப் பக்கம் நல்லதுக்கு வந்ததே இல்லை. எர்மா துடைப்பத்தோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டாள்.

அறுபத்துமூன்று வயசில் அது சாதாரண வேலை இல்லை. முட்டி இரண்டும் சத்தம் போட்டன. அதையும் மறைத்திருப்பாள், மாடுகளை மறந்துவிட்டாள். அவள் குனிந்து உட்கார்ந்து அந்த நூற்றுப் பதினைந்தும் பார்த்ததில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்து, தொட்டியைச் சுற்றி அரைவட்டமாக நின்று, மூக்கை நீட்டி அவளையே வேடிக்கை பார்த்தன.

கோல்பி காரிலிருந்து இறங்கினான். மாடு எல்லாம் எங்கே பார்க்கிறது என்று பார்த்தான். நேராக வந்தான்.

"அம்மா."

"இங்க யாரும் இல்ல."

"அம்மா, நான் பணம் கேக்க வரல. குடுக்க வந்திருக்கேன்."

எர்மா எழுந்தாள். "பணம் குடுக்க முப்பது மைல் வண்டி ஓட்டிட்டு வந்தவனை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பொய் சொல்றதுன்னா பொருத்தமா சொல்லு தம்பி."

கோல்பிக்கு மூச்சு வாங்கியது. சந்தை தொண்ணூற்றெட்டில் நிற்கிறது என்றான். அவளுடைய காகிதம் பன்னிரண்டு டாலர் பெறும் என்றான். ஆனால் அதற்கு இன்றைக்குத்தான் கெடு. சந்தை ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு மூடிவிடும். அவள் வாயால் 'வில்' என்று சொன்னால் போதும்.

"நான் நாலு டாலருக்கு வாங்கினதை எவன் பன்னெண்டு குடுத்து வாங்குவான்? அவன் என்ன பைத்தியமா?"

"அதோட மதிப்பே இப்ப அவ்வளவுதாம்மா."

"இவ்வளவு தூரம் வந்து வில்லு வில்லுங்கறே. அப்ப வெச்சிருந்தா இன்னும் ஏறும்னுதானே அர்த்தம்?"

"வெச்சிருக்க முடியாதும்மா! இன்னைக்கு விக்கலைன்னா அது தானா நிஜ முன்பேரமா மாறிடும். உங்க வீட்டுக்காரர் பண்ணினாரே, அது. அப்புறம் விலை ஏறினா..." அவன் தயங்கினான். "மார்ஜின் கேப்பாங்க."

எர்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் ஐந்து நாளாக அடித்துக்கொண்டிருந்தது பணம் கேட்ட போன் இல்லை. எடுக்காமல் இருந்ததுதான் எல்டனுக்கு வந்த அந்தப் போனை வரவழைக்கப் பார்த்திருக்கிறது. அல்லது, இவன் அவசரப்படுத்தி ஏதோ காரியம் சாதிக்கிறான். இரண்டில் எது? அவள் வாயைத் திறந்தாள். அப்போது மறுபடி புழுதி எழுந்தது. இந்தத் தடவை பிக்கப். ராய்ஸ் கிளிங்கர்.

"நீ என் அக்கா பையன்," என்றாள் எர்மா, கோல்பியின் கையில் துடைப்பத்தைத் திணித்து. "லிங்கன்ல மாட்டு டாக்டருக்குப் படிக்கிறே. வாயைத் திறக்காதே."

"அம்மா, மணி பன்னெண்டு நாப்பது—"

"சித்தின்னு கூப்பிடு!"

ராய்ஸ் வண்டியைவிட்டு இறங்கவில்லை. அவர் எப்போதும் இறங்க மாட்டார். முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு பேசுவார். விலைக்கு வருமுன் முதலில் மழை, பிறகு அவருடைய முழங்கால், பிறகு பள்ளிக்கூடப் பையன்களின் ஃபுட்பால். இந்த வரிசையை யாரும் எழுதிவைத்ததில்லை. யாரும் மாற்றியதும் இல்லை. இருபது நிமிடம் ஆகும். நடுவில் அவசரப்படுகிறவருக்குக் கையில் காசில்லை என்று அர்த்தம். அவசரப்பட்ட பேருக்கு அரை டாலர் குறையும் என்பது அந்தப் பக்கத்துப் பட்டிக்காரர்கள் எல்லாருடைய நம்பிக்கை.

"யாரு இது?"

"அக்கா பையன். மாட்டு டாக்டருக்குப் படிக்கிறான்."

"அப்படியா! டாக்டரே, அந்தச் செவலைக்கு என்ன?" ராய்ஸ் ஒரு மாட்டைக் காட்டினார்.

கோல்பி செவலையைப் பார்த்தான். செவலை கோல்பியைப் பார்த்தது. "அதுக்கு... மனசு சரியில்ல," என்றான் கோல்பி.

"விலை அப்படி. அதுக்கும் தெரிஞ்சுபோச்சு போல," என்றார் ராய்ஸ். பிறகு மழைக்கு வந்தார்.

மழை ஆறு நிமிடம் பெய்தது. எர்மா சோக முகத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ராய்ஸின் முதுகுப் பக்கம் போய் நின்ற கோல்பி பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பிறகு ஒரு கையை மட்டும். இன்னும் பதினைந்து நிமிடம். ராய்ஸ் முழங்காலுக்கு வந்தார். சவ்வு தேய்ந்துவிட்டதாம். ஊசி போட்டார்களாம். கோல்பி பத்து காட்டினான். பிறகு ஒன்பது.

"உன் அக்கா பையனுக்குக் கையில என்ன கோளாறு?" ராய்ஸ் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சுளுக்கு."

எர்மாவுக்கு முன்னால் இரண்டு ஆண்கள். ஒருவனை நம்பினால் இன்னொருவனுக்கு ரகசியம் போகும். ரகசியத்தைக் காத்தால் ஒரு மணி ஐந்து நிமிடம் போகும். வாழ்க்கையில் யாரையுமே நம்பாமல் தப்பித்துவந்தவளுக்கு, இன்றைக்கு யாராவது ஒருத்தரை நம்பாமல் தப்ப முடியாது என்று ஆகிவிட்டது. கோல்பி எட்டு விரல் காட்டினான். அவன் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி வெள்ளைச் சப்பாத்தில் விழுந்தது. சப்பாத்து இரண்டும் சாணிக்குள் இருந்தன. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. ஏமாற்ற வந்தவன் முதலில் தன் சப்பாத்தைத்தான் காப்பாற்றுவான் என்று எர்மாவுக்குத் தோன்றியது.

"ராய்ஸ், கொஞ்சம் நிறுத்து."

பத்தொன்பது வருஷத்தில் முழங்காலின் நடுவே அவரை யாரும் நிறுத்தியதில்லை. அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"இவன் என் அக்கா பையன் இல்ல."

"தெரியும்."

"மாட்டு டாக்டரும் இல்ல."

"அது மாட்டுக்கே தெரியும்."

"கோல்பி, வித்துடு. நாலையும்."

கோல்பி போனை எடுத்தான். சிக்னல் இல்லை. நாலு பக்கமும் ஓடினான். மாடுகள் அவன் பின்னாலேயே ஓடின. "தீவன வண்டி மேல ஏறு, மடையா!" என்று கத்தினார் ராய்ஸ். கோல்பி ஏறினான். உச்சியில் நின்று ஒரு கையால் புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ எண்களைச் சொன்னான், திரும்பச் சொன்னான், காத்திருந்தான்.

"பன்னெண்டு டாலர் பத்து சென்ட்!" என்று மேலிருந்து கத்தினான். மணி ஒன்று இரண்டு.

எர்மா மனசுக்குள் கூட்டிக் கழித்தாள். தொண்ணூற்றெட்டு கிடைத்தால், அதோடு பன்னிரண்டு, அதில் நாலு போக, நூற்றி ஆறு. நூற்றி நாலுக்கு மேலே. கிடைத்தால்தான். அவள் ராய்ஸ் பக்கம் திரும்பினாள்.

"சரி, பாத்துட்டே. இப்ப குறைச்சுச் சொல்லு. சொல்லு, தெரியும் எனக்கு."

"தொண்ணூத்தெட்டு."

"எத்தனை குறைச்சே?"

"ஒண்ணும் குறைக்கல எர்மா. ஆலையிலேருந்து ஏழு மணிக்கு ஒரு பொம்பள போன்ல நம்பரைச் சொல்லும். அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றேன். கால் டாலர் ஏத்தணும்னா மூணு பேர்கிட்ட கேக்கணும். மூணு பேரும் போனை எடுக்க மாட்டாங்க."

"அப்ப பத்தொன்பது வருஷமா இந்த மழை, முழங்கால்..."

"முழங்கால் மட்டும் என்னோடது," என்றார் ராய்ஸ்.

அவள் நம்பவில்லை. கோல்பியின் போனை வாங்கி, தானும் தீவன வண்டியில் ஏறி நின்று லூமிரைக் கூப்பிட்டாள். "லூமிர், உனக்கு இன்னைக்கு என்ன சொன்னான்?"

"தொண்ணூத்தெட்டு." லூமிரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எர்மாவின் காகிதம்போல அவருக்குக் கீழே தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. "உனக்கு?"

"அதேதான்," என்றாள் எர்மா. ஏப்ரலிலிருந்து சேர்த்துவைத்திருந்த சோகத்தில் ஒரு பங்கு இப்போதுதான் நிஜமாக வந்தது. "சாயங்காலம் வீட்டுக்கு வா. வாத்து சமைக்கறேன். ஒரு விஷயம் சொல்லணும், முன்னாடியே சொல்லியிருக்கணும். திட்டறதுன்னா சாப்பிட்டுட்டுத் திட்டு."

ராய்ஸோடு கைகொடுத்து வியாபாரம் முடிந்தது. போகும்போது ராய்ஸ் கோல்பியைப் பக்கத்தில் கூப்பிட்டு, யார் காதிலும் விழாதபடி, தன் வீட்டிலும் முப்பது கன்று இருப்பதாகச் சொன்னார். எர்மாவின் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை லாரி வந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு போனது. செவலை ஏற மறுத்தது. எர்மா அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே தள்ளினாள். டிரைவர் பார்க்கிறான் என்று தெரிந்ததும் சொறிவதை நிறுத்திவிட்டுத் தள்ள மட்டும் செய்தாள். சிக்காகோ பணம் வங்கியில் ஏறிவிட்டது என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். மறுநாளும் போய் அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது.

அப்புறம்தான் மகனுக்குப் போன் போட்டாள்.

"நூத்தி ஆறு நின்னுச்சு. பத்திரத்தைத் திருப்பி அனுப்பறேன்."

"நூத்தி ஆறா? ஊர்ல எல்லாரும் தொண்ணூத்தெட்டுக்கு வித்தாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கே. எப்படிம்மா?"

"அதெல்லாம் போன்ல சொல்ல முடியாது. எவன் கேட்டுட்டு இருக்கானோ. மார்ச்ல புதுக் கன்னுங்க வருது, அப்ப நேர்ல வா. வந்தா சும்மா நிக்காதே, கேட்டைப் பிடிச்சுக்கோ."

"சரிம்மா, வர்றேன்," என்றான் டக். அவன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எர்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது.